துக்கம் கேட்க வந்தவர்கள்

தேவாலயத்தை ஒட்டி ஒரு தோட்டம். அதில் பட்டாணிக் கொடிகள் வரிசையாகப் படர்ந்திருந்தன. உடம்பில் ஐந்து குண்டுகளோடு மார்கரீத் ரூஃபான்ஷ் அந்தக் கொடிகளுக்கு நடுவே மறுநாள் மாலைவரை கிடந்தார். வயது 47. கணவர், மகன், இரண்டு மகள்கள், கைக்குழந்தையாக இருந்த பேரன் என்று குடும்பமே ஒரே பிற்பகலில் போயிருந்தது. தேவாலயத்துக்குள் அடைக்கப்பட்ட பெண்களிலும் குழந்தைகளிலும் உயிரோடு தப்பியவர் அவர் ஒருவர்தான். பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியே குதித்தார். அவரைப் பின்தொடர்ந்து குழந்தையோடு இன்னொரு பெண்ணும் குதித்தார். வெளியே நின்ற சிப்பாய்கள் தாயையும் பிள்ளையையும் சுட்டுக் கொன்றார்கள்.

இது நடந்தது பிரான்ஸில், லிமோஜ் நகருக்கு அருகே உள்ள ஒராதூர்-சுர்-கிளான் என்ற ஊரில். 1944 ஜூன் 10, சனிக்கிழமை. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. 'தாஸ் ரைஷ்' என்ற ஜெர்மன் எஸ்.எஸ். படைப்பிரிவின் ஒரு கம்பெனி, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் ஊரைச் சுற்றி வளைத்தது. அடையாள அட்டையைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி, எல்லோரையும் சந்தைத் திடலுக்கு வரவழைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார்கள். ஆண்களைப் பிரித்துக் கொட்டகைகளில் அடைத்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த தேவாலயத்துக்கும் அதே கதிதான்.

பள்ளிப் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் தப்பினான். ரோஜெர் கோத்ஃபிரான் என்ற சிறுவன். ஜெர்மானியர்கள் கைப்பற்றிய லொரேன் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு வந்த அகதிக் குடும்பம் அவனுடையது. ஜெர்மானியர்களைக் கண்டால் ஓடிவிடு என்று அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஓடினான். சொல்லிக் கொடுத்த அம்மா தப்பவில்லை.

இறந்தவர்கள் 643 பேர். அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பல்லாண்டுகளாக 642 என்றே எழுதப்பட்டு வந்த கணக்கு இது. ஸ்பெயினிலிருந்து அடைக்கலம் தேடி வந்திருந்த ஒரு பெண்ணின் பெயர் விடுபட்டிருந்தது. 2020இல்தான் சேர்த்தார்கள். அந்த ஊர்க்காரியாகக் கணக்கில் ஏற, செத்த பிறகும் அவள் 76 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

போர் முடியும் முன்பே, 1945 மார்ச்சில், ஜெனரல் டி கோல் அங்கே வந்தார். இடிபாடுகளை அப்படியே விட்டுவைப்பது என்று முடிவானது. புதிய ஊரைப் பக்கத்தில் கட்டினார்கள். பழைய ஊரின் தெருக்களில் இன்றும் நடக்கலாம். கூரையில்லாத சுவர்கள், டிராம் வண்டியின் தண்டவாளம், துருப்பிடித்த கார், தேவாலயத்துத் தரையில் உருகிக் கிடக்கும் வெண்கல மணி. என்னை அதிகம் உலுக்குவது தையல் இயந்திரங்கள்தான். வீட்டுக்கு வீடு, இடிந்த சுவரோரம், துருவேறி நிற்கின்றன. எத்தனை வீட்டில் பாதி தைத்த பாவாடை அன்று ஊசிக்கடியிலேயே எரிந்ததோ!

கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். ஒராதூர் வாசலுக்கு அப்படி யாரும் போய்விட முடியவில்லை. அந்த வாசலில் முதலில் தடுத்து நிறுத்தப்பட்டது ஜெர்மனி அல்ல, பிரான்ஸ் அரசு.

1953இல் போர்தோ நகர ராணுவ நீதிமன்றத்தில் 21 பேர் கூண்டில் நின்றார்கள். ஏழு பேர் ஜெர்மானியர்கள். மீதி 14 பேர் பிரான்ஸின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பகுதியை 1940இல் கைப்பற்றிய ஹிட்லர், 1942 முதல் அங்குள்ள இளைஞர்களைக் கட்டாயமாகத் தன் படையில் சேர்த்தார். அல்சேஸிலும் பக்கத்து மோசெலிலுமாக இப்படி இழுத்துச் செல்லப்பட்டவர்கள் சுமார் 1,30,000 பேர். மறுத்தால் குடும்பத்தைத் தண்டித்தார்கள். கூண்டில் நின்ற 14 பேரில் ஒருவர் மட்டுமே தானாகச் சேர்ந்தவர். ஒராதூரில் எரிந்தவர்களிலும் அல்சேஸிலிருந்து வந்த அகதிகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

தன் இளைஞர்களுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் அல்சேஸ் கொதித்தது. நாடு பிளவுபடும் என்று அஞ்சிய நாடாளுமன்றம், சில நாட்களிலேயே பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட 13 பேரும் வீடு திரும்பினார்கள். ஐந்து குண்டு வாங்கிய மார்கரீத் நீதிமன்றத்தில் வந்து சொன்ன சாட்சியத்தின் ஈரம் அப்போது காய்ந்திருக்கவில்லை.

ஒராதூர் தன் கதவைச் சாத்திக்கொண்டது. அரசு கொடுத்த விருதுகளைத் திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்புக்கு ஆதரவாக வாக்களித்த 319 உறுப்பினர்களின் பெயர்களை ஊர் எல்லையில் பலகையாக எழுதி வைத்தார்கள். இறந்தவர்களின் சாம்பலை வைக்க அரசு கட்டிக் கொடுத்த நிலவறையை ஏற்காமல், தங்கள் இடுகாட்டில் தாங்களே நினைவிடம் எழுப்பினார்கள். நிலவறை வெறுமையாகக் கிடந்தது. 1974 வரை ஆண்டு நினைவு நாளில் அரசின் பிரதிநிதிகளுக்கு அங்கே இடம் இல்லை.

அந்த ஊர்க்காரர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அல்சேஸ் இளைஞர்களும் ஒரு வகையில் பலியானவர்கள்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களைக் கேட்காமலே, அவர்கள் சார்பில் மற்றவர்கள் கை தூக்கிவிட்டார்கள். 'தாஸ் ரைஷ்' படைப்பிரிவின் தளபதி லாம்மர்டிங், அந்தப் படை துல் நகரில் மக்களைத் தூக்கிலிட்டதற்காகப் பிரான்ஸில் மரண தண்டனை பெற்றிருந்தும், மேற்கு ஜெர்மனியில் சுதந்திரமாக வாழ்ந்து 1971இல் இறந்தார். இந்த நிலையில் மன்னிப்பு என்ற சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும்?

பிரான்ஸும் ஜெர்மனியும் 1963லேயே எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நண்பர்கள் ஆகிவிட்டன. ஆனால் ஒரு ஜெர்மன் ஜனாதிபதி ஒராதூர் மண்ணை மிதிக்க அதற்குப் பிறகும் 50 ஆண்டுகள் ஆயின. 2013 செப்டம்பர் 4 அன்று ஜோவாக்கிம் கவுக் வந்தார். படுகொலை நடந்தபோது அவருக்கு நான்கு வயது. பிரான்ஸ் ஜனாதிபதி ஒல்லாந்தும் உடன் இருந்தார். அவர்களைத் தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்றவர் ரொபேர் எப்ராஸ், வயது 88. கொட்டகையில் சுடப்பட்ட ஆண்களின் உடல்களுக்கு அடியில் கிடந்து, தீ பரவிய பிறகு தப்பிய ஐந்து பேரில் ஒருவர். அவருடைய அம்மாவும் இரண்டு சகோதரிகளும் இறந்தது அந்தத் தேவாலயத்தில்தான். கவுக் அவருடைய கையைப் பற்றியபடி நின்ற புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம்.

அந்தக் கையை அரசு உத்தரவு போட்டு நீட்ட வைக்கவில்லை. பல்லாண்டுகள் அந்த இடிபாடுகளுக்குள் மாணவர்களை அழைத்துப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லிச் சொல்லி எப்ராஸ் தானாக வந்து சேர்ந்த இடம் அது. உண்மையை ஒப்புக்கொள்ளாதவன் கையைப் பிடிக்க முடியாது. 2020 ஆகஸ்டில்கூட, ஒராதூர் நினைவு மையத்தின் சுவரில் இருந்த 'தியாகி' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'பொய்யன்' என்று யாரோ எழுதிவிட்டுப் போனார்கள்.

2024 ஜூன் 10, எண்பதாம் ஆண்டு. ஜெர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மையர் வந்தார். பிரான்ஸ் ஜனாதிபதி மக்ரோன் அருகில் இருந்தார். கை கொடுக்க எப்ராஸ் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், 97 வயதில், அவர் காலமாகியிருந்தார்.