சித்திர விருட்சத்தின் உள்வர்ணங்கள்

பழைய ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் எண்ணெய் வர்ணத்தில் ஒரு மரத்தை எழுதப் புகுந்தால், பச்சையைக் குழைத்து அப்பிவிட்டு எழுந்துவிடும் வழக்கம் பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. துணியின்மேல் முதலில் பழுப்புப் பூச்சு ஒன்று. அது காய்ந்தபின் ஈய வெள்ளையும் மஞ்சளும் கலந்து, வெயில் விழும் கொப்புகளைத் தடித்த பூச்சாக எழுப்புவார்கள். அதுவும் இறுகிய பிறகே, ஆளிவிதை எண்ணெயில் கரைந்தாற்போல் கிடக்கும் மெல்லிய பச்சைப் பூச்சை அதன்மேல் தடவுவார்கள். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று; காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு இறுகுவது. ஆகையால் காத்திருக்கும் பொறுமையும் அந்தத் தொழிலில் ஒரு பாகம்.

இத்தனை சிரமம் எதற்கு? எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.48, ஈய வெள்ளையினுடையதோ 2-க்குச் சமீபம். இந்தப் பேதத்தினால் வெள்ளைத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துத் திருப்பிவிடுகின்றன. படிகாரத்தைக் கொண்டு தாவரச் சாயத்தைப் படியவைத்துச் செய்த வர்ணங்களுக்கு எண்ணெயோடு அவ்வளவு பேதமில்லை. ஒளி அவற்றை ஊடுருவி, அடியிலுள்ள வெள்ளையில் பட்டு, மறுபடியும் அதே சாயத்தின் வழியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. இருமுறை வடிகட்டப்பட்ட அந்த ஒளியே, ஒற்றைப் பூச்சினால் கைகூடாத ஆழத்தை இலைக்குத் தருகிறது.

ஆனால் அடுக்குகள் யாவும் சம ஆயுள் படைத்தவையல்ல. செம்புத் தகட்டைக் காடியின் ஆவியில் வைத்துச் சுரண்டியெடுத்த களிம்புப் பச்சை, காலக்கிரமத்தில் பழுப்பாகிவிடும். அத்தகைய மரங்களை இலையுதிர்காலக் காட்சி என்று எண்ணி ரசிப்போரும் உண்டு. நீலத்தின்மேல் மஞ்சள் சாயம் தடவிப் பச்சையாக்கிய இடங்களிலோ விபரீதம் வேறு வகை: வெளிச்சத்தில் மஞ்சள் வெளிறிப்போக, நீலம் மட்டும் எஞ்சுகிறது. லண்டன் நேஷனல் காலரியிலுள்ள யான் வான் ஹைசமின் 1736–37-ஆம் வருஷத்து மலர்ச் சித்திரத்தில் இலைகள் நீலம் பாரித்திருப்பதற்குக் காரணம் இதுவே.

அதே காலரியில் மெயின்டர்ட் ஹொப்பெமா 1689-இல் எழுதிய மிட்டெல்ஹார்னிஸ் சாலைச் சித்திரமும் இருக்கிறது. ஈயம் கலந்த வர்ணம் எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் இயல்புடையதாகையால், மேற்பூச்சுக்கு அடியில் இருப்பதையும் அவற்றைக்கொண்டு அறியலாம். அவ்வாறு ஆராய்ந்தபோது, சாலையின் முன்புறத்தில் இருமருங்கிலும் ஒவ்வொரு மரத்தை முதலில் எழுதிப் பின்னர் அவரே மறைத்துவிட்டது தெரியவந்தது. அவை நின்றிருந்தால் அந்த ஆகாயம் அத்தனை விசாலமாக விரிந்திராது. மறைத்ததே சரியென்பது என் அபிப்பிராயம்.