'அல்லது' என்னும் சொல்லின் வலிமை

மல்லாங்கிணற்றுக் கரிசலில் மானாவாரியாக விளைந்த பருத்தியை உழவர் ஒருவர் மண்டிக்குக் கொண்டு செல்கிறார் எனக் கொள்வோம். அங்கே ஒரே வணிகர் இருப்பின் அவர் சொன்னதே விலை. பக்கத்தில் இன்னொரு கடையும் இருப்பின், "அங்கும் கேட்டு வருகிறேன்" என உழவர் சொல்லலாம். அவர் அங்குப் போகவே வேண்டுவதில்லை. போகக்கூடும் என்பதே முதல் வணிகரின் விலையைத் திருத்திவிடும். விற்பவருக்குரிய இவ்வலிமை வாங்குபவருக்கும் உண்டு. கணினியின் மூளை எனப்படும் பிராசசர் சில்லின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

அமெரிக்காவில் 1968-இல் இன்டெல் நிறுவனமும், 1969-இல் ஏ.எம்.டி. நிறுவனமும் தோன்றின. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தான் வெளியிட்ட சிறு கணினிக்கு இன்டெலின் சில்லைத் தேர்ந்துகொண்டது. ஆயினும் ஒருவரையே நம்பியிருக்க அது விரும்பவில்லை. இரண்டாவது நிறுவனம் ஒன்றும் அச்சில்லைச் செய்து தரவேண்டும் என வற்புறுத்தியது. அதன் பயனாக 1982-இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் உடன்படிக்கை செய்துகொண்டன. இப்போட்டிக்கு வித்திட்டவர் விற்றவர் அல்லர், வாங்கியவரே என்பதை உளங்கொள்க.

போட்டி தளர்ந்தால் விளைவது யாது? சில்லினுள் கணக்கிடும் பகுதியைக் 'கோர்' என்பர். வயலில் பூட்டிய ஏர்களைப் போன்றவை அவை. பங்கிட்டுச் செய்யத்தக்க வேலையாயின், ஏர் மிகுந்தால் விரைவில் முடியும். ஏ.எம்.டி. பின்தங்கியிருந்த ஆண்டுகளில், சாதாரண மேசைக் கணினிகளுக்கு இன்டெல் அளித்த உயர்ந்த சில்லுகளிலும் நான்கு கோர்களே இருந்தன. 2017 மார்ச்சு மாதத்தில் ஏ.எம்.டி. எட்டுக் கோர்கள் கொண்ட 'ரைசன்' சில்லைக் கொணர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர்களையும், 2018-இல் எட்டையும் அளித்தது. பல்லாண்டு அசையாதிருந்த எண் ஈராண்டுக்குள் இரட்டித்தது. ரைசன் சில்லை வாங்காதவரும் அதனால் பயன் பெற்றனர்.

போட்டி தானே நிலைத்திருக்கும் என்று எண்ணற்க. 2002 முதல் 2006 வரையிலான காலத்தில், ஏ.எம்.டி. சில்லுப் பூண்ட சில கணினிகளின் விற்பனையை நிறுத்தவோ தாமதிக்கவோ இன்டெல் கணினி உற்பத்தியாளர்களுக்குப் பணம் கொடுத்தது என்று கண்ட ஐரோப்பிய ஆணையம், 2023-இல் அதற்காகக் கோடிக்கணக்கான யூரோ தண்டம் விதித்தது. இரண்டாவது கடையின் கதவு அடைபடாமல் காக்கச் சட்டமும் விழித்திருத்தல் வேண்டும்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2026 சனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுக்குரிய சில்லு 'இன்டெல் ஐ3 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3' எனக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த 'அல்லது' சிறு சொல்லன்று. பெருந்தொகையாக வாங்குவோர் ஒருவரிடமே கட்டுண்டு போகாமல் காப்பது அதுவே.

தந்தையார் பருத்தி விற்ற பணத்தைக் கையில் கொண்டு நீங்கள் கணினிக் கடைக்குச் செல்லும் நாளிலும் அச்சொல்லை மறவாதீர். விளம்பரத்தில் கேட்ட பெயரை மட்டும் சொல்லிக் கேளாதீர். பழைய தலைமுறை ஐ5 சில்லைப் புதிய தலைமுறை ஐ3 விஞ்சுதல் கூடும். ஆதலின் பெயரோடு தலைமுறையையும் கேளுங்கள். நினைவகம் எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் அருகில் எவ்வூரில் சீர்செய்வர் என்பனவற்றையும் வினவுங்கள். ஒரே விலையில் இரு நிறுவனச் சில்லுள்ள கணினிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

இரண்டு கடைகளோடு உலகம் நின்றுவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் பெயரால் பிராசசர்கள் உருவாக்கப்பட்டுள்ளன. யாவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட 'ரிஸ்க்-ஐந்து' கட்டளைத் தொகுதியே அவற்றின் அடிப்படை. மூன்றாவது கடையொன்றைத் திறக்கும் பணி இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.