எண்பது ரூபாய்ச் சம்பளம்

1943 ஏப்ரலில், கல்கத்தாவில் இருந்த டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் சத்யஜித் ராய் ஜூனியர் விஷுவலைசராகச் சேர்ந்தார். வயது 21. மாதச் சம்பளம் 80 ரூபாய்.

அந்த 80 ரூபாயை அரிசியால்தான் அளக்க வேண்டும். அது வங்கப் பஞ்சத்தின் ஆண்டு. 1942 டிசம்பரில் கல்கத்தா மொத்தச் சந்தையில் மணங்கு அரிசி 13, 14 ரூபாய். மார்ச்சில் 21. மே மாதத்தில் 30-ஐத் தாண்டியது, ஆகஸ்டில் 37. வங்க மணங்கு 37 கிலோவுக்குச் சற்று அதிகம். நம் பழைய சென்னை மணங்கைப்போல மூன்று மடங்கு. டிசம்பர் விலையில் 80 ரூபாய்க்கு ஏறக்குறைய 220 கிலோ அரிசி வாங்கியிருக்கலாம். ஆகஸ்டில் 80 கிலோதான். மாதச் சம்பளம் வாங்கியவர் நிலையே இது. கூலிக்கு உழைத்தவர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள்.

ராய் வீட்டில் படமும் அச்சும் குலத்தொழில். தாத்தா உபேந்திரகிஷோர் 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அப்பா சுகுமார் 1923-இல் இறந்தபோது பையனுக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. சில ஆண்டுகளில் அச்சகம் நொடித்தது, கர்ப்பார் சாலை வீடும் கைவிட்டுப் போனது. தாயும் மகனும் பவானிபூரில் மாமா வீட்டுக்குப் போனார்கள். சாந்திநிகேதன் கலாபவனத்தில் 5 ஆண்டுப் படிப்பு. அதில் பாதியோடு 1942-இல் ஊர் திரும்பினார். சம்பாதிக்க வேண்டிய பிள்ளைக்கு விளம்பர ஓவியம்தான் கைகொடுத்தது.

கீமரில் உடன் வேலை பார்த்த டி.கே. குப்தா சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கியதும், அதன் புத்தக அட்டைகள் ராயிடம் வந்தன. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிகள் பற்றிய நூலின் வங்க மொழிபெயர்ப்புக்கு அவர் புலித்தோலையே அட்டையாக்கினார்: முன்னட்டையில் குண்டு நுழைந்த சிறு துளை, பின்னட்டையில் வெளியேறிய பெரிய துளை. அட்டையைப் புரட்டினாலே வேட்டை முடிந்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான கதைசொல்லலை நான் வேறெந்த அட்டையிலும் கண்டதில்லை. 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கத்துக்கும் அவரே படம் போட்டார். அதன் சிறுவர்களான அபுவும் துர்காவும் அவர் கைக்குப் பழகியது அங்கேதான்.

1950-இல் அலுவலகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. ஆறு மாதத்தில் 99 திரைப்படங்கள் பார்த்தார். இரண்டு நாளுக்கு ஒன்றுக்கும் மேல்.

பிறகு 'பதேர் பாஞ்சாலி'யைத் தாமே திரைப்படமாக்க முனைந்தார். அதற்குப் போட்ட மதிப்பீடு 70,000 ரூபாய். தொடக்கச் சம்பளத்தில் 875 மாதம், அதாவது 73 ஆண்டு உழைப்பு. 1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கினார், மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. வேலையை மட்டும் விடவில்லை. கடைசியில் மேற்கு வங்க அரசு கைகொடுக்க, செலவு ஒன்றரை லட்சத்தைத் தொட்டு, 1955 ஆகஸ்ட் 26-இல் படம் வெளியானது.

அதன்பின் விளம்பர வேலையை விட்டார், தூரிகையை விடவில்லை. 1961-இல் 'சந்தேஷ்' மீண்டும் வந்தபோது அதற்குக் கதையும் எழுதினார், படமும் வரைந்தார்.