இலாசர் என்னும் பெயர்

லூக்கா 16-இல் இயேசு சொல்லும் உவமையில் செல்வருக்குப் பெயரில்லை. அவர் வாசலில் கிடந்த ஏழைக்கு உண்டு: இலாசர். எலயாசர் என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் அது. 'ஏல்' என்றால் கடவுள். 'ஆசர்' என்றால் உதவினார். ஆனால் அவரிடம் வந்தவை புண்களை நக்கும் நாய்கள்தாம்.

1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றபோது இப்பெயரே தேவசகாயம் ஆனது. குமரிப் பக்கம் இன்றும் பரவலான பெயர்! அவரையும் மூன்றாண்டு விலங்கிட்டு வைத்து, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதரானார்.

கடவுளின் உதவி எங்கே என்று கேட்கலாம். வானதூதர்கள் இலாசரை ஆபிரகாமின் மடியில் சேர்த்தார்கள். அது சாவுக்குப் பின். அதற்கு முன் உதவக் கடவுள் வைத்திருந்த கை, அந்தச் செல்வருடையது. அவருக்கு அப்பெயர் தெரியும்: பாதாளத்தில் தாகமெடுத்ததும் இலாசரை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாரே!