பல்கலைக்கழகத்தின் முதல் பதினான்கு வாரங்கள்

தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், அச்செய்தி மறுநாள் காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னரே லயம் முழுவதும் பரவிவிடுகின்றது. கோயிலில் அர்ச்சனை நடைபெறுகின்றது. புதிய பெட்டி வாங்கப்படுகின்றது. பதிவு நாளன்று உற்றார் உறவினர் சூழ வேனில் சென்று, பிள்ளையை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, கண் கலங்கத் திரும்புகின்றனர். பெரும்பாடு தீர்ந்தது என்பதே அன்று பெற்றோர் பலரின் எண்ணம். அந்த எண்ணத்தைக் குறித்தே இங்கு எழுத விரும்புகின்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸில், முதலாண்டு மாணவி ஒருவரைச் சந்தித்தோம். பெற்றோர் இருவரும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளர்கள். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவர். ஆயினும், பல்கலைக்கழகத்தின் முதற்பருவத்தில் நுண்கணிதத்தில் தோல்வியுற்று, சராசரித் தரப்புள்ளி 2.00க்குக் கீழே இறங்கிவிட்டது. "வீட்டில் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டோம். "எல்லாம் நன்றாக இருக்கிறதென்று சொல்லியிருக்கிறேன், ஐயா" என்று கூறித் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாணவி சோம்பேறி அல்லர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்துத் தோட்டத்திற்குச் சென்றுவிடுவார். சனியன்று தாயாருக்கு வீட்டு வேலையில் உதவி, தம்பிக்குப் பாடம், உறவினர் வீட்டு விசேஷம். ஞாயிறு இரவு விடுதி திரும்புவார். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமே வகுப்பு நடப்பதால் மகளுக்கு ஓய்வு நிறைய இருப்பதாகப் பெற்றோர் எண்ணினர். முதலில் அவரும் அவ்வாறே எண்ணினார்.

இங்கேதான் ஒரு கணக்கை விளக்க வேண்டியுள்ளது. இடைநிலைப் பள்ளியில் காலை முதல் பிற்பகல் வரை ஆசிரியர் முன்னிலையில் மாணவர் அமர்ந்திருப்பர். பல்கலைக்கழகத்திலோ பாடங்கள் 'கிரெடிட்' என்னும் அளவினால் மதிக்கப்படுகின்றன. நம் நாட்டுத் தகுதிமுறையின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பாகும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றிற்கு 120 மணி நேரம் வேண்டும். வாரத்திற்கு மூன்று மணி நேரமாகப் பதினான்கு வாரங்கள் விரிவுரை நடந்தாலும் 42 மணி நேரமே ஆகின்றது. மீதமுள்ள 78 மணி நேரம் நூலகத்திலும் பயிற்சியிலும் ஒப்படைப்புகளிலும் தேர்வுத் தயாரிப்பிலும் மாணவர் தாமே செலவிட வேண்டியதாகும். இத்தகைய பாடங்கள் ஐந்து எடுத்தால், வாரத்தில் 15 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் ஏறக்குறைய 28 மணி நேரம் சொந்தப் படிப்பு. கால அட்டவணையில் வெற்றிடமாகத் தோன்றும் நேரம் உண்மையில் வேலை நேரமே. மணியடித்து அதனை நினைவூட்டத்தான் ஆளில்லை.

மொழியும் ஒரு தடையாக நிற்கின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், பின்னர் மலாய் மொழியில் இடைநிலைக் கல்வி. பல்கலைக்கழகத்திலோ பாடநூல்களுள் பல ஆங்கிலத்தில். விடை தெரிந்தும் ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க அடுத்தவரைவிட இரு மடங்கு நேரம் எடுப்பவரை அறிவு குறைந்தவர் என்று கொள்ளலாகாது. இத்தடை பயிற்சியினால் குறையும். ஆனால், ஒரு பருவத்திற்குள் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

இனி, முதலாண்டில் யார் தேறுகின்றனர், யார் தளர்கின்றனர் என்பதைப் பற்றி ஆய்வாளர் கண்டதைப் பார்ப்போம். பதின்மூன்று ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2012ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர் மூவர் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். மாணவரின் தரப்புள்ளியோடு தொடர்புடைய 50 கூறுகள் அதில் ஆராயப்பட்டன. குடும்பத்தின் பொருளாதார நிலைக்கு இருந்த தொடர்பு சிறிதே. முன்னைய தேர்வுப் புள்ளிகளுக்கு நடுத்தரமான தொடர்பு இருந்தது. பாடம் சலிப்பூட்டும் போதும் முயற்சியைக் கைவிடாமை, தமக்கென ஒரு தர இலக்கை வைத்துக்கொள்ளுதல் ஆகியவையும் அதே அளவுக்கு நின்றன. 'இத்தேர்வில் இன்ன தரத்தை என்னால் பெற முடியும்' என்ற நம்பிக்கையே யாவற்றினும் வலுவாக இருந்தது. வறுமை தடையாகாது என்று இதனால் நாம் கூற வரவில்லை. பலரைப் பல்கலைக்கழக வாசலுக்கே வரவிடாமல் செய்வது வறுமைதான். ஆயினும், வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்டவரின் தேர்ச்சியை அது மட்டும் முடிவு செய்வதில்லை.

இதனினும் நம்மவருக்கு நெருக்கமானது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வாகும். அங்கு 1970ஆம் ஆண்டுகளில் கறுப்பின மாணவர் பலர் முதலாண்டு நுண்கணிதத்தில் தோல்வியுற்றனர். ஊக்கமின்மை, வறுமை, வீட்டாரின் அக்கறையின்மை என்று விரிவுரையாளர்கள் காரணம் கூறினர். யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆய்வாளர் கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் அருகிருந்து கவனித்தார். கூறப்பட்ட காரணங்கள் எவையும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவருள் 18 பேர் வகுப்புத் தோழரோடு ஒருநாளும் சேர்ந்து படித்ததில்லை. தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு உழைத்தனர். தவறு செய்தால் அது தம் ஒருவருடைய குறை என்றே எண்ணினர். சீன வம்சாவளி மாணவரோ தனியே படித்த பின்னர், மாலையில் ஒன்றுகூடி, சமைத்து உண்டு, கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். வாரத்திற்கு ஏறக்குறைய 14 மணி நேரம் நுண்கணிதத்திற்கே செலவாயிற்று. பின்னர் டிரைஸ்மன் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பயிற்சிப் பட்டறைகளை அமைத்தார். அவற்றில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

இது நமக்குப் புதியதன்று. முதன்முதல் பால்வெட்டக் கத்தி பிடிப்பவரை நேரே இளமரத்திடம் எவரும் அனுப்புவதில்லை. அனுபவசாலி ஒருவர் அருகில் நின்று, பழைய மரத்தில் பழக்குகின்றார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம்; ஆழம் போதாவிடில் மங்கில் பால் குறைவு. அந்த அளவு, பார்த்தும் கேட்டும் திருத்தப்பட்டும் கைக்கு வருவதாகும். நுண்கணிதத்தை மட்டும் ஒரு பிள்ளை தனியறையில் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கின்றோம்?

கேள்வி கேட்பதும் இதனைச் சார்ந்தது. ஆசிரியர் முன் வாய் திறவாதிருத்தலே மரியாதை என்று நம் பிள்ளைகளைப் பழக்கியுள்ளோம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நாமும் அந்த அமைதியை விரும்பியதுண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் வாய் திறவாத மாணவருக்குப் பாடம் விளங்கிவிட்டதாகவே விரிவுரையாளர் கருதுவார். மாணவருக்குக் கல்வி ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் நியமிக்கப்படுவது வழக்கம். அவருடைய கதவைத் தட்டுவது உரிமையாகும். ஆறாம் வாரத்தில் தட்டினால் பயன் மிகுதி, தேர்வு முடிவு வந்த பின்னர் தட்டினால் குறைவு.

'நமக்கு அங்கே என்ன உரிமை' என்று தயங்குவோர்க்கு ஒரு பழைய செய்தி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. 1950ஆம் ஆண்டுகளில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் அப்பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்காக நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி எனத் தோட்டத் தொழிலாளரும் அதற்கு வழங்கினர். பந்தாய்ப் பள்ளத்தாக்கில் இன்று உள்ள அந்நூலகத்திற்குள் நுழையும் தோட்டத்துப் பிள்ளை பிறர் வீட்டிற்குள் நுழையவில்லை.

பெற்றோர் செய்யக்கூடியவை சிலவே. முதற்பருவத்தில் பிள்ளையை வாரந்தோறும் வீட்டிற்கு அழைக்காதிருப்பது அவற்றுள் ஒன்று. பி.டி.பி.டி.என். கடன் பெறுவோர், தரப்புள்ளி 2.00க்குக் கீழே சென்றால் கடன் தொடர்வது சிக்கலாகும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பிள்ளை தோல்வியைச் சொல்ல வந்தால், அன்று ஏசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். மறைக்கப்பட்ட தோல்வி அடுத்த பருவத்திலும் தொடர்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

நாம் சந்தித்த மாணவி அடுத்த வாரமே தந்தையாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிம்மா, இனி மாசத்துக்கு ஒருதரம் வந்தால் போதும்" என்றாராம். இப்போது சனிக்கிழமை காலையில் தோழியர் மூவரோடு அமர்ந்து கணக்குகளைச் செய்கின்றார். அவர்களுள் ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். நுண்கணிதத்தை இரண்டாம் முறை எழுதித் தேறிவிட்டார். புள்ளியியல் பாடம் இன்னும் கடினமாகத்தான் இருக்கின்றதாம்.