நீரில் கரைந்த பிராணவாயு

புதுக்கோட்டை ஜில்லாவின் கிழக்கோரத்தில், மணமேல்குடி, மீமிசல் முதலிய கடற்கரையூர்களை ஒட்டி இறால் பண்ணை வைத்திருப்போர் அதிகமாய் அஞ்சுவது விடியற்காலை வேளைக்குத்தான்; பகலெல்லாம் சூரிய ஒளியில் பாசிகள் விட்டுவைத்த பிராணவாயுவை, இரவு முழுவதும் அந்தப் பாசிகளும் இறாலும் அடிச்சேற்றின் நுண்ணுயிர்களுமாகச் சேர்ந்து செலவழித்துவிட, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் குட்டையில் அது மிகக் குறைந்திருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரே காற்றிலிருந்து லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் ஏற்கும். உப்பு நீர் இன்னும் குறைவு. ஆகவே நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களை எப்போது ஓட்டுவது என்பது அளந்து தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

அளக்கும் வழியை 1888-இல் ஹங்கேரிய ரசாயன அறிஞர் லாயோஷ் விங்க்லர் காட்டினார். குமிழி புகாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீஸ் ஸல்பேட்டையும், காரம் கலந்த அயோடைடையும் விட்டால் வீழ்படிவு உண்டாகும். பிராணவாயு இல்லையேல் அது வெளுத்தே நிற்கும், இருந்தாலோ பழுப்பேறும். பிறகு அமிலம் சேர்த்து, வெளிப்படும் அயோடினை, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் வரை தயோஸல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு மதிப்பிடுவார்கள். மெதுவான முறைதான், ஆயினும் கருவிகள் தரும் எண்ணைச் சரிபார்க்க இதைவிட நம்பத்தக்கது இல்லையென்பது என் அபிப்பிராயம்.

குட்டைக்கரையில் இன்று எடுத்துச் செல்லும் கருவிகளில் ஒருவகைக்கு மூலம், 1950-களில் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் அமைத்த மின்முனை. பிளாட்டின முனையையும் வெள்ளி முனையையும் உப்புக் கரைசலில் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் சவ்வால் மூடி, ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தம் கொடுத்தால், சவ்வைக் கடந்து வரும் பிராணவாயு பிளாட்டினத்தில் எலக்ட்ரான்களை ஏற்று ஒடுக்கமடைந்து, தன் அளவுக்கேற்ற மின்னோட்டத்தைத் தருகிறது. அளக்கும்போதே கருவி பிராணவாயுவைத் தின்றுகொண்டிருப்பதால், நீரை அசைத்துக்கொண்டிராவிடில் முனையருகே அது தீர்ந்து, அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

பிராணவாயு மின்முனையில் ஒடுங்கும் இதே வினைதான், கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்தறியும் திரவ நிறப்பிரிகை முறையில் ஒடுக்க மின்வேதி உணரியைப் பயன்படுத்தும் பகுப்பாய்வாளருக்குத் தொல்லையாகிறது. தேடுகிற பொருள் ஒடுக்கமடையும் மின்னழுத்தத்தில் கரைந்த பிராணவாயுவும் ஒடுங்கி மின்னோட்டத்தை உயர்த்திவிட, நுண்ணிய அளவுகள் அதில் மூழ்கிப் போகின்றன. அதனால் கரைப்பானில் ஹீலியத்தைக் குமிழிடச் செய்து பிராணவாயுவை விரட்டுவதோடு, கரைப்பான் செல்லும் டெஃப்லான் குழாயையும் நீக்கி எஃகுக் குழாய் பொருத்துகிறார்கள். மின்முனைச் சவ்வாகும்போது பிராணவாயுவை உள்ளே விடுவதற்காகவே விரும்பப்படும் டெஃப்லான், இங்கே அந்தக் குணத்தாலேயே வேண்டாததாகிறது.