கடலைக் கண்டு பயம்

கடலூரில் பிறந்தவன் கடலைக் கண்டு நடுங்குகிறான் என்று யாராவது சொன்னால், நேயர்கள் நகைக்கக்கூடும். (கூடலூர்தான் கடலூர் ஆயிற்று என்று வாதிப்பவர்களும் உண்டு, அது இருக்கட்டும்.) 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதிக்கு முன்னால் நாமும் நகைத்திருப்போம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து, சுமார் இரண்டரை மணி நேரத்துக்குள் பேரலை நம் கரையைத் தாக்கிற்று. கடலூர் ஜில்லாவில் மாத்திரம் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு வரையில் எத்தனையோ குப்பங்கள் சூறையாயின. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு.

பிறகு படகும் வலையும் வந்து சேர்ந்தன. ஆனால் கால் தண்ணீரில் இறங்க மறுத்தது! அலைச் சத்தம் கேட்டு அலறி எழுந்த குழந்தைகள் எத்தனை! கரைப் பக்கமே தலை காட்டாத தாய்மார் எத்தனை! மீனை நம்பியிருக்கும் குடும்பத்தில் இந்தப் பயம் அடுப்பையே அணைத்துவிடும் அல்லவா? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து மனநல நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து உள்ளூர்த் தொண்டர்களைப் பழக்கியது இதனால்தான்.

பேரலைக்குப் பயப்படுவது பேதைமை அன்று, அது புத்தி. ஆனால் பயம் இருந்த இடத்தில் இருப்பதில்லை. பேரலையிலிருந்து சிற்றலைக்கும், அலையிலிருந்து அதன் ஓசைக்கும், ஓசையிலிருந்து கடற்கரைக்குப் போகும் பஸ்ஸுக்கும் தாவுகிறது. வாட்ஸன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் ரேனர் என்ற மாதும் 1920-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளெலியைத் தொடப் போன ஒரு பச்சைக் குழந்தையின் பின்னால் இரும்புத் தண்டை ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளில் குழந்தை எலியைக் கண்டாலே அழுதது. பிறகு முயலைக் கண்டும் ரோமக் கோட்டைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். சாஸ்திரத்துக்காகவேனும் இப்படிச் செய்யலாமா என்பது நமக்கு விளங்கவில்லை.

பயத்தை வளர்ப்பது பெரும்பாலும் ஓட்டம்தான். கடலைக் கண்டதும் திரும்பி ஓடுகிறோம்; நெஞ்சுத் துடிப்பு அடங்குகிறது. "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் தொலைவிலிருந்தே ஓடச் சொல்கிறது. கடன்காரனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பது போலத்தான். முதல் அப்படியே நிற்கிறது.

சிதம்பரத்தில் கூத்தப் பெருமான் ஒரு கரத்தால் "அஞ்சேல்" என்று அபயம் காட்டுகிறார். அவர் காட்டினால் பலிக்கும், நாம் "பயப்படாதே!" என்று அதட்டினால் பலிப்பதில்லை. பிள்ளையைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் பயம் இரட்டிப்பாகும். "இவ்வளவுதானா உன் தைரியம்?" என்ற பரிகாசமோ அதனினும் கெடுதல்.

பலிக்கும் வழியை 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் எழுதினார். முயலுக்கு அஞ்சிய மூன்று வயதுப் பையன் பீட்டர் தின்பண்டம் தின்னும்போது, கூண்டில் முயலை அறையின் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். முடிவில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்! இந்த முறையைத்தான் மனநல வைத்தியர்கள் விரிவாக்கிக் கையாளுகிறார்கள். நம் கடற்கரைக்கு இதைப் பொருத்துவோம். முதல் நாள் சாலையில் நின்று பார்த்தால் போதும். பிறகு மணல், பிறகு ஈர மணல், பிறகு கணுக்கால் தண்ணீர். நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானே தணியும் வரை நிற்க வேண்டும். உச்சத்தில் திரும்பினால் மறுபடியும் வட்டிக் கணக்குத்தான். அலை மிகுந்த நாளில் இந்தப் பயிற்சி ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் கெட்டு, கண் முன்னால் அதே காட்சி திரும்பத் திரும்ப வருமானால், வீட்டு வைத்தியம் போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவை நாடலாம். 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி டெலிபோனும் செய்யலாம்.

போன பயம் திரும்பாதா? திரும்பும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2012 ஏப்ரல் 11-ல் மறுபடியும் ஸுமத்ரா அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்தது. ஜனங்கள் கரையை விட்டு ஓடினார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை நிலையம் இருக்கிறபடியால், அந்த ஓட்டத்தை நாம் பயக் கணக்கில் சேர்க்க மாட்டோம். எச்சரிக்கை நீங்கிய பிறகும் கரைக்குத் திரும்பாதவர்கள் இருந்தால், அவர்களோடு சாலையிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.